போதை தெளிந்த பின்னும் தெளியாத மூளை

பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கும் ஒருவர் காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கிறார். பேச்சு குழறுகிறது. இன்று என்ன கிழமை என்று கேட்டால் விழிக்கிறார். வீட்டில் இருப்பவர்கள், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று அலுத்துக்கொள்வார்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போனாலும், வாயில் வாடை அடித்தால், "போதை தெளியட்டும், பார்த்துக்கலாம்" என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடுவது நம் ஊரில் நடக்கிற ஒன்றுதான். ஆனால் அந்தத் தள்ளாட்டத்துக்கும் குழப்பத்துக்கும் போதை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். மூளையின் சில பகுதிகள் சத்தில்லாமல் செத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் தெளியட்டும் என்று காத்திருக்கும் ஓரிரு நாளில் அந்த மனிதரின் நினைவாற்றல் திரும்பி வராத இடத்துக்குப் போய்விடக்கூடும். அதைத் தடுக்கும் மருந்து வைட்டமின் பி1. மருந்துக்கடையில் கிடைக்கும் மிக மலிவான ஊசிகளில் ஒன்று.

குடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்லீரல். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, ரத்த வாந்தி என எல்லாவற்றையும் குடும்பங்கள் அறிந்து வைத்திருக்கின்றன. மூளையைப் பற்றிப் பேச்சு வந்தால், "குடிச்சுக் குடிச்சு புத்தி மழுங்கிடுச்சு" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் பல வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் சில, குடியை விட்டால் பெருமளவு சரியாகக்கூடியவை. ஒன்று, உரிய நேரத்தில் கவனித்தால் வராமலே தடுக்கக்கூடியது. தடுக்கக்கூடியதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1881-இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூவருக்கும் கண் அசைவு பிறழ்ந்திருந்தது, நடை தள்ளாடியது, மனம் குழம்பியிருந்தது. மூவருமே பிழைக்கவில்லை. இருவர் கடுமையாகக் குடித்தவர்கள். மூன்றாமவர் இளம் தையல்காரப் பெண். கந்தக அமிலத்தை விழுங்கியதில் உணவுப்பாதை புண்ணாகி, ஓயாத வாந்தியால் வயிற்றில் உணவு தங்காமல் போனவர். இறந்த பிறகு பார்த்தபோது மூவர் மூளையிலும் நடுப்பகுதியில் ஒரே இடங்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக்கசிவுகள் இருந்தன. குடிகாரர்கள் இருவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக இருந்தது என்ன? இந்தக் கேள்விக்கு விடை உறுதியாக அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் செர்கே கோர்சகோவ் என்ற மனநல மருத்துவர் வேறொரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். பெரும்பாலோர் நெடுநாள் குடித்தவர்கள். பார்த்தவுடன் இவர்களிடம் குறை ஏதும் இருப்பதாகவே தோன்றாது. கோர்வையாகப் பேசுவார்கள், சாதுரியமாகப் பதில் சொல்வார்கள், சதுரங்கமோ சீட்டோ ஆடுவார்கள். நெடுநேரம் பேச்சுக் கொடுத்தால்தான், சாப்பிட்டோமா இல்லையா, படுக்கையை விட்டு எழுந்தோமா இல்லையா என்பதுகூட அவர்களுக்கு நினைவில்லை என்பது புரியும். இளமைக் காலத்துச் செய்திகளைச் சொல்ல முடிந்தது. நோய் கண்டதற்குப் பிறகு நடந்தவை எதுவும் மனதில் பதியவில்லை. வெர்னிக்கே கண்டது சில நாள் சீறி அடங்கும் நோயை. கோர்சகோவ் கண்டது அதில் உயிர் தப்பியவர்களிடம் மிஞ்சிய இழப்பை. இரண்டும் ஒரே நோயின் முன்பாதியும் பின்பாதியும் என்பது அப்போது அந்த இருவருக்கும் தெரியாது. இன்று இரண்டு பெயரையும் சேர்த்தே வெர்னிக்கே - கோர்சகோவ் நோய் என்கிறார்கள்.

விடை வந்த வழி அரிசி வழி. ஜாவா தீவில், கை கால் துவண்டுபோகும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், 1890-களில் தன் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் துவண்டு விழுவதைப் பார்த்தார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டு வந்திருந்தார்கள். தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த அந்தச் சத்தை 1926-இல் அதே ஜாவாவில் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. பழைய சென்னை மாகாணத்தில், பச்சரிசி உண்ட வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி அதிகம் இருந்தது. புழுங்கலரிசி உண்ட தெற்கில் அது அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுதாகப் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டா எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதற்குக் கணக்கே கிடையாது.

கடைசி ஐயம் தீர்ந்தது சிங்கப்பூரில். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் பல்லாயிரம் படைவீரர்கள் சாங்கி சிறை முகாமில் அடைக்கப்பட்டார்கள். உணவு, தீட்டிய வெள்ளை அரிசி. சில வாரங்களில் அவர்களிடையே கண் அசைவுக் கோளாறும் குழப்பமும் மறதியும் தலைகாட்டின. சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மருத்துவர் ஹியூ டி வார்டனர், பெர்னார்ட் லெனாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அப்படி 52 பேரைப் பற்றிக் குறித்து வைத்தார். கைவசம் இருந்த கொஞ்சம் தயமின் ஊசியைப் போட்டபோது பலர் தேறினார்கள். குறிப்புகள் ஜப்பானியர் கையில் சிக்காமல் இருக்க, தகர டின்னில் வைத்து மூடி, சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) ஒரு வீரரின் கல்லறையில் புதைத்துவைத்து, போர் முடிந்தபின் தோண்டி எடுத்தார்கள். 1947-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அந்த முகாமில் மது கிடையாது. ஆகவே மூளையை அந்த இடங்களில் அரிப்பது தயமின் பற்றாக்குறைதான் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாயிற்று. (அதே சயாமில் ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்கள் பக்கத்தில் இப்படிக் குறித்துவைக்கும் மருத்துவர் இல்லை.)

குடிப்பவருக்கு ஏன் இந்தச் சத்து இல்லாமல் போகிறது? டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு மது என்று கணக்கிடுவது 10 கிராமை. ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. அது கொடுக்கும் கலோரி மட்டும் 400-க்கு மேல். பசி அடங்கிவிடும், சத்து எதுவும் உள்ளே போயிருக்காது. ஊறுகாயோ மிக்சரோ தொட்டுக்கொண்டு, இரவு வீட்டில் போட்டு வைத்த சோற்றைத் தொடாமல் படுப்பவர்கள் எத்தனை பேர்! சாப்பிடுகிற கொஞ்சத்திலும் தயமினைக் குடல் உறிஞ்சுவதை ஆல்கஹால் தடுக்கிறது. கல்லீரல் கெட்டிருந்தால் சேமித்து வைக்கவும் முடியாது. தயமின் வேலை செய்ய மக்னீசியம் தேவை. குடிப்பவர்களிடம் அதுவும் குறைவாகவே இருக்கும். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் தயமின் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். உடலின் மொத்தக் கையிருப்பே 30 மில்லிகிராம் அளவுதான். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். இருபது ஆண்டு குடியைத் தாங்கிய உடம்பு, காய்ச்சல், வாந்தி, ஒழுங்காகச் சாப்பிடாத மூன்று வாரம் என்று ஏதோ ஒன்றில் சட்டென்று கவிழ்வது இதனால்தான்.

மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ். குளுக்கோஸை ஆற்றலாக மாற்றும் நொதிகள் தயமின் இல்லாமல் இயங்காது. களத்தில் நெல் மலையாகக் குவிந்திருந்தும் அரவை மில்லில் பெல்ட் அறுந்துபோனால் வீட்டில் உலை வைக்க முடியாதல்லவா, அந்த நிலைதான். மிக அதிகமாக ஆற்றலைச் செலவழிக்கும் மூளைப் பகுதிகள் முதலில் பாதிக்கப்படுகின்றன: கண் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்புக் கருக்கள், உடல் சமநிலையைக் காக்கும் பகுதிகள், மூளையின் நடுவில் உள்ள தாலமஸ், மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் மாமில்லரி உருண்டைகள் இரண்டு. நினைவைப் பொறுத்தவரை தாலமஸும் இந்த உருண்டைகளும் முக்கியமானவை. இன்று நடந்ததை நாளைக்கு நினைவில் நிறுத்த, நினைவைப் பதியும் பகுதியான ஹிப்போகாம்பஸில் தொடங்கும் நரம்புப் பாதை இந்த உருண்டைகள் வழியாகத் தாலமஸின் முன்பகுதிக்குப் போய், அங்கிருந்து மூளையின் மேற்பரப்புக்குச் செல்கிறது. நடுவில் உள்ள இந்தக் கண்ணி அறுந்தால், பழைய சேமிப்பு பெருமளவு அப்படியே இருக்க, புதிய சேமிப்பு நின்றுபோகிறது.

இங்கே நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. குடித்துச் சோர்ந்து விழுந்தவரைப் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பா ஆயிடுவாரு" என்று கேட்பது நம் வழக்கம். தயமின் வற்றிப்போன உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினும் அதைச் செரிக்கச் செலவாகி, பதுங்கியிருந்த நோய் வெளியே பாய்ந்துவிடலாம். ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்துபோயிருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கவே கூடாது. அதுவும் உயிர்ப் பிரச்சினை. ஆனால் கூடவே தயமின் ஊசியும் ஏற வேண்டும். மாத்திரை போதாது. நலமான குடலே ஒரு வேளைக்கு நான்கைந்து மில்லிகிராம்தான் உறிஞ்சும். குடிப்பவரின் குடல் அதிலும் பாதிகூட உறிஞ்சாமல் போகலாம். நோய் வந்துவிட்டதாகச் சந்தேகித்தாலே, நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் நாளுக்குச் சில வேளை, ரத்தக்குழாய் வழியே கொடுக்கிறார்கள். உரிய நேரத்தில் கொடுத்தால் பிறழ்ந்த கண் அசைவு சில மணி நேரத்திலேயே நேராகத் தொடங்கும். நடை சீராக வாரங்கள் ஆகும். நினைவு எவ்வளவு திரும்பும் என்பது, ஊசி எவ்வளவு சீக்கிரம் போனது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

கண், நடை, குழப்பம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோய் என்று மருத்துவ மாணவர்கள் படித்துவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிளைவ் ஹார்ப்பர் என்ற நோய்க்கூறு ஆய்வாளர், பிரேதப் பரிசோதனையில் இந்த நோய் உறுதியான 131 பேரின் பழைய மருத்துவப் பதிவுகளைத் தேடிப் பார்த்து 1986-இல் எழுதினார். மூன்று அறிகுறியும் ஒன்றாகத் தெரிந்தது 16 சதவீதத்தினரிடம் மட்டுமே. உயிரோடு இருந்தபோது ஐந்தில் நான்கு பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்படவே இல்லை. பலருக்கு வெறும் குழப்பம் மட்டும் இருந்திருக்கிறது. அதனால் பிறகு விதியைத் தளர்த்தினார்கள்: சத்துக்குறைவான உணவு, கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் அல்லது லேசான மறதி ஆகிய நான்கில் ஏதாவது இரண்டு இருந்தாலே குடிநோயாளிக்கு இந்த நோய் இருப்பதாக எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கலாம். சந்தேகம் தவறாகப் போனால் இழப்பு சில ஊசிகள். சந்தேகப்படாமல் விட்டால் போவது ஒரு மனிதரின் மீதி வாழ்நாள் நினைவு. இந்தக் கணக்கில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

நினைவு போனபின் அந்த வீட்டில் நடப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. "காலையில என்னப்பா சாப்பிட்ட?" என்று மகள் கேட்கிறாள். "இட்லி சாப்பிட்டுட்டு மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்தேன், முருகேசன் வந்திருந்தான்" என்று தயக்கமே இல்லாமல் சொல்கிறார். அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. முருகேசன் இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். கோர்சகோவ் நோயில் இப்படித்தான் நிகழும்: நினைவில் விழுந்த ஓட்டையை மூளை பழைய வாழ்க்கையின் துண்டுகளை வைத்துத் தானாகவே அடைத்துக்கொள்கிறது. சொல்பவருக்கு அது பொய் என்று தெரியாது. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஆனால் வருடக்கணக்காக "இன்னைக்குக் குடிக்கல" என்ற பொய்யைக் கேட்டுக் கேட்டு வெந்துபோன குடும்பத்துக்கு இதுவும் அதே பொய்யாகவே படுகிறது. "குடியை விட்டும் புளுகை விடல" என்று சண்டை வருகிறது. அடிகூட விழுகிறது. நோய் என்று ஒரே ஒருவர் உட்காரவைத்து விளக்கியிருந்தால் அந்த வீடுகளில் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

பதியாத அந்த மூளையிலும் ஏதோ பதிகிறது என்பதை ஜெனீவாவில் எத்வார்த் கிளாபரேத் என்ற உளவியலாளர் 1911-இல் எழுதினார். கோர்சகோவ் நோய் கொண்ட பெண் ஒருவர் அவரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே சந்தித்தார். ஒருநாள் கிளாபரேத் தன் விரல்களுக்கிடையே ஊசியை மறைத்துவைத்துக் கைகுலுக்கினார். குத்தியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அது மறந்துபோயிற்று. ஆனால் கிளாபரேத் மீண்டும் கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் இப்படிக் குத்த அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆயினும் அது காட்டிய உண்மை பராமரிப்புக்குப் பயன்படுகிறது. நடந்ததை நினைவுகூர முடியாதவருக்கும் பழக்கம் படியும். சாப்பாட்டு நேரம், மாத்திரை வைக்கும் இடம், குளியலறைக்குப் போகும் வழி எல்லாவற்றையும் தினமும் ஒரே மாதிரி வைத்தால், ஏன் என்று தெரியாமலே அவர் அதில் பழகிவிடுவார். வினா கேட்டுச் சோதிப்பதும் தவற்றைச் சுட்டிக்காட்டுவதும் பயனற்றவை. ஆரம்பத்திலிருந்தே தவறு நேராதபடி கூட இருந்து செய்யவைத்தால் கற்றுக்கொள்வது எளிதாகிறது. நெதர்லாந்தில் இவர்களுக்கென்றே தனிப் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. நம்மிடம் இவர்கள் வீட்டுத் திண்ணையிலோ மனநலக் காப்பகத்திலோதான் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது சத்துக்குறைவு செய்யும் வேலை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்கஹாலுக்கு நேரடியான கேடும் உண்டு. "நைட்டு வீட்டுக்கு எப்படி வந்தேன்னே தெரியல" என்று நண்பர்கள் சிரித்துச் சொல்வது, ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறியதில் ஹிப்போகாம்பஸ் பதிவை நிறுத்திவிட்டதன் விளைவு. அப்போது அவர் மயங்கிக் கிடக்கவில்லை. பேசியிருப்பார், வண்டிகூட ஓட்டியிருப்பார். அந்த மணிநேரங்கள் பதிவாகவே இல்லாததால், பிறகு எவ்வளவு யோசித்தாலும் வராது. அடிக்கடி இப்படி நடப்பது எச்சரிக்கை.

நெடுநாள் குடித்தால் மூளை சுருங்குகிறது என்பதை ஸ்கேனில் கண்ணால் பார்க்கலாம். ஆனால் சுருங்குவது எது? கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், குடிநோயாளிகளின் மூளை மேற்பரப்பில் இருந்த நரம்பணுக்களின் எண்ணிக்கை மற்றவர்களுடையதைவிடக் குறையவில்லை. குறைந்திருந்தது வெள்ளைப் பொருள், அதாவது அணுக்களை இணைக்கும் இழைகளின் தொகுதி. வேறு ஆய்வுகள் மூளையின் முன்பகுதியில் அணுக்களே குறைந்திருப்பதைக் கண்டன. சிறுமூளையின் நடுப்பகுதி தேய்வதால், குடிக்காத நாளிலும் கால் அகன்ற அந்தத் தள்ளாட்ட நடை நிலைத்துவிடுகிறது. இவற்றோடு, குடித்து விழுந்ததில் தலையில் பட்ட அடிகள், மூளை உறைக்கு அடியில் மெல்லச் சேரும் ரத்தக்கட்டு, கெட்ட கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா, வலிப்பு என எல்லாம் ஒரே மண்டையில் கூடுகின்றன. பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிமென்ஷியா (மறதி நோய்) நோயாளிகளின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்கு முன்பே நோய் கண்ட சுமார் 57,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் மது சார்ந்த மூளைக் கேடோ மதுப் பழக்கக் கோளாறோ உள்ளவர்கள். இளம் வயதில் வரும் மறதியில் தடுக்கக்கூடிய காரணம் இவ்வளவு பெரிதாக வேறெதுவும் அங்கே தென்படவில்லை. மிதமாகக் குடித்தவர்களுக்கும் முழு விலக்கு இல்லை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், அங்கே அளவான குடி என்று கருதப்பட்டதைக் குடித்தவர்களிடமும் ஹிப்போகாம்பஸ் சுருக்கம் கூடுதலாகக் காணப்பட்டது.

முன்மூளைக் கேட்டைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது ஒழுக்கக் கேடாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. திட்டமிடுவது, விளைவை எண்ணிப் பார்ப்பது, வந்த ஆசையை ஒரு நிமிடம் நிறுத்திவைப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. காலையில் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் மாலையில் கடை வாசலில் நிற்பதைப் பார்த்து, "வெக்கம் மானம் இல்லாத ஜென்மம்" என்கிறோம். குடியை விடுவதற்கு எந்தப் பகுதியின் வலு வேண்டுமோ அதே பகுதியைக் குடி முதலில் தின்றிருக்கிறது. அடித்தும் கெஞ்சியும் ஆகாதது இதனால்தான். அவர் வீட்டாருக்குச் செய்த கொடுமைகளுக்கு இது மன்னிப்புச் சீட்டு ஆகாது. ஆனால் இதற்கு வேண்டியது மருத்துவம் என்று முடிவெடுக்க இது உதவும். குடியை நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரங்களில் கொடுக்கப்படும் அறிவுரைகள் பலருக்கு மனதில் தங்குவதில்லை என்பதும் இதையொட்டியதே. சுருக்கமாக, திரும்பத் திரும்ப, எழுதிக்கொடுத்துச் சொன்னால் கொஞ்சம் நிற்கும்.

நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. தினமும் குடித்த மூளை, ஆல்கஹாலின் அமுக்கத்தைச் சமாளிக்கத் தன்னைத் தானே எப்போதும் முடுக்கி வைத்திருக்கும். அமுக்கம் திடீரென்று விலகினால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரிந்து, ஆள் அடையாளம் மறந்து, காய்ச்சலோடு பிதற்றும் நிலை வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கோவிலில் கயிறு கட்டியோ மாலை போட்டோ விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை கொடுக்கும் உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் விடிந்ததும் கை நடுங்கி, அதை அடக்கவே குடிக்க வேண்டியிருக்கும் நிலைக்கு வந்தவர், முதல் ஒரு வாரத்தை மருத்துவர் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயல்வது கொலைக்குச் சமமாகிவிடலாம். அந்த வாரத்தில் தயமின் ஊசியும் தவறாமல் போக வேண்டும்.

அந்த வாரத்தைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி நிறைய இருக்கிறது. 1970-களின் இறுதியிலேயே, குடியை விட்டவர்களின் மூளைச் சுருக்கம் ஓரளவு மீள்வதை ஸ்கேனில் கண்டார்கள். முதல் சில வாரங்களில் மீட்சி வேகமாக இருக்கிறது, பிறகு மாதக்கணக்கில் மெதுவாகத் தொடர்கிறது. கவனம், பேச்சின் ஒழுங்கு, தூக்கம், கோபத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவை படிப்படியாகத் திரும்புகின்றன. கோர்சகோவ் நோய் வந்தவர்களிலும்கூட, 1971-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், பின்தொடரப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஏறக்குறைய முழுதாகத் தேறினார்கள். நான்கில் ஒருவருக்கு எந்த முன்னேற்றமும் இல்லை. மற்றவர்கள் இடையில் எங்கோ நின்றார்கள். தேறியவர்களுக்கும் மாதங்களும் வருடங்களும் ஆயின. அதனால் மருத்துவமனையிலிருந்து வந்த பதினைந்தாம் நாளில் "இவரு இனிமே இப்படித்தான்" என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 1991 தொடக்கத்திலிருந்து ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அதன்பின் அங்கே பிரேதப் பரிசோதனைகளில் இந்த நோய் தென்படுவது குறைந்தது. இந்தியாவில் 2019-இல் வெளியான அரசின் தேசிய ஆய்வு, மதுவால் சிக்கலில் இருப்போர் சுமார் 5.7 கோடி என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் கையில். அந்த வருமானத்தில் ஒரு துளியை எடுத்து, அவசரப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு குடிநோயாளிக்கும் முதல் மணி நேரத்திலேயே தயமின் ஊசி என்பதை மாநிலம் முழுவதும் எழுதப்பட்ட விதியாக்கிச் செயல்படுத்துவது அரசுக்கு இயலாத காரியம் இல்லை. அது கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்றே நான் கருதுகிறேன்.

அதுவரை குடும்பத்தார் செய்யக்கூடியது இது. குடிக்கும் ஒருவரைக் குழப்பத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், "குடிச்சிருக்காரு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை வருடமாக, தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வாந்தி இருந்ததா, எங்காவது விழுந்தாரா, வழக்கமான போதையைவிட இது எப்படி வேறாக இருக்கிறது என்று சொல்லுங்கள். "பி1 ஊசி போடணுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. சென்னை இந்திரா நகரில் 1980 முதல் இயங்கிவரும் டி.டி. ரங்கநாதன் நிறுவனம் போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. குடிப்பவர் வர மறுத்தால் வீட்டில் இருப்பவர் மட்டும் முதலில் போய்ப் பேசலாம். பல சிகிச்சைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.